மாமன் பணத்துக்குப் பத்திரம்

1

சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகலில் என் மகள் கோதை நீதிமன்றத் தாழ்வாரத்திலிருந்து என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். பணி நேரத்தில் அழைப்பது அவள் வழக்கமன்று. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பா, வீட்டைக் காலி பண்ணணும்கிறதை வயசானவங்ககிட்ட மரியாதையா எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டாள்.

அவள் எதிரில் யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவர் நின்றிருந்தார். வாடகை பாக்கிக்காக அவர்மேல் வழக்கு. நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளர் வந்துசேரத் தாமதமாகும் என்றார்களாம். வீட்டு உரிமையாளர் தரப்பு வழக்கறிஞர்களிடம் கோதை மாணவப் பணியாளராக இருக்கிறாள். தமிழ் தெரிந்தவள் என்பதால் அவளை முன்னே அனுப்பிவிட்டார்கள். "இம்மாத இறுதிக்குள் தாங்கள் வீட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கும், அம்மா" என்று சொல்லச் சொன்னேன். கடைசிச் சொற்களை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

அப்படிப்பட்ட பெண்மணிகளின் பக்கத்தில் நின்று பேசவேண்டும் என்பதற்காகத்தான் என் மகள் சட்டம் படிக்கப் போனாள். இன்று எதிர்ப்பக்கத்தில் நிற்கிறாள். இது எவ்வாறு நேர்ந்தது என்பதைப் பற்றி இராஜபாளையத்திலும் என் சொந்த ஊரான வன்னியம்பட்டியிலும் பலவாறு பேசிக்கொள்வதாக அறிகிறேன். பெண்ணுக்குப் பெரிய கல்லூரியில் இடமே கிடைக்கவில்லை என்கிறார்களாம். அமெரிக்காவில் இருந்துகொண்டு மைத்துனரிடம் கையேந்தினான் என்று என்னைப் பற்றியும், கொடுக்கிறேன் என்று சொல்லிப் பின்வாங்கினார் என்று மைத்துனரைப் பற்றியும் பேச்சு இருக்கிறதாம். இவற்றில் எதுவும் உண்மையன்று. நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது என் கடமை.

2

மதுரையில் பட்டம் பெற்று, ஓஹையோ மாநிலத்து நெடுஞ்சாலைத் துறையில் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளனாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். அரசுப் பணி, நேர்மையான ஊதியம், அதற்கேற்ற ஓய்வூதியம். ஊரில் நினைத்துக்கொள்வது போன்ற செல்வம் எங்களிடம் ஒருபோதும் இருந்ததில்லை. அதை ஊரில் எவரிடமும் சொல்லவேண்டிய தேவையும் எனக்கு ஏற்பட்டதில்லை. கோதை எங்களுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. திருவில்லிபுத்தூர்க் கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்தவள் என்பதால் என் மனைவி செண்பகம் அந்தப் பெயரை வைத்தாள். இங்குள்ள ஆசிரியர்கள் அதைக் ‘கோத்தே’ என்றார்கள். திருத்தித் திருத்தி ஓய்ந்து, இப்போது அவளே தன்னைக் கோத்தே என்றுதான் அறிமுகம் செய்துகொள்கிறாள்.

இங்கே சட்டம் படிப்பதற்கு முன் நான்காண்டுப் பட்டம் ஒன்றை முடித்தாக வேண்டும். எங்கள் சேமிப்பின் பெரும்பகுதி அதற்கே கரைந்தது. அந்த நான்காண்டுகளில் அவள் வாடகைக் குடித்தனக்காரர்களுக்கு உதவும் சிறு அலுவலகம் ஒன்றில் ஊதியமின்றிப் பணிசெய்தாள். பனி விழுந்துகொண்டிருந்த ஒரு நாளில் ஒரு குடும்பத்தின் மெத்தையும் சமையல் பாத்திரங்களும் நடைபாதையில் இறக்கப்பட்டதை அங்கே பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. சட்டம் படிக்கப்போவதாக மறுநாள் சொன்னாள்.

இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று கிழக்குக் கடற்கரையில் உள்ளது. பெயரைச் சொன்னால் மதுரை வக்கீல்களுக்கும் தெரியும். உதவித்தொகை கிடையாது. மற்றது எங்கள் மாநிலத்திலேயே, காரில் போய்வரும் தூரத்தில் இருந்தது. பெயர் எடுபடாத கல்லூரி. ஆனால் கல்விக் கட்டணம் முழுவதையும் விட்டுக்கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு: முதலாண்டு முடிவில் வகுப்பின் மேல்வரிசையில் இருந்தால்தான் அடுத்த ஆண்டுகளுக்கும் சலுகை நீடிக்கும்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூவரும் பல மாலைகள் இதைப் பேசினோம். நான் பெரிய கல்லூரியை விரும்பினேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை. பெரிய பெயர் ஆயுள் முழுவதும் கூட வரும். கோதை வேறு விதமாகப் பார்த்தாள். ஏழைகளின் வழக்கை நடத்தும் அமைப்புகள் கொடுக்கும் ஊதியத்தில் அந்தக் கடனை அடைக்க முடியாது. பொதுப்பணியில் நீண்டகாலம் நீடித்தால் மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டமொன்று உண்டுதான். ஆட்சி மாறும்போதெல்லாம் அதன் விதியும் மாறுகிறது. "பெரிய காலேஜுக்குக் கடன் வாங்கிப் போனா, நான் எந்தப் பக்கம் நிக்கணும்னு அந்தக் கடன்தாம்ப்பா சொல்லும்" என்றாள்.

மற்றக் கல்லூரியின் நிபந்தனை எனக்குப் பிடிக்கவில்லை. பாலம் கட்டுகிறவன் வரும் என்று எதிர்பார்க்கும் பாரத்துக்கு மட்டும் கட்டுவதில்லை. அதற்குமேல் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் கட்டுவான். இந்த ஏற்பாட்டில் அந்த இடைவெளி இல்லை. அதையும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, தான் எந்த வகுப்பிலும் மேல்வரிசையை விட்டு இறங்கியதே இல்லையே என்றாள். அது உண்மை.

3

என் மைத்துனர் சங்கரபாண்டியன் செண்பகத்தின் அண்ணன். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்கூடம் வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் தங்கையோடு காணொளியில் பேசுவார். தறிச் சத்தத்துக்கு நடுவில்தான் பேசுவார். அலுவலக அறைக் கதவைச் சாத்தும் பழக்கம் அவருக்கு இல்லை. எங்கள் தடுமாற்றத்தைச் செண்பகம் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோதையைக் கூப்பிடச் சொன்னார். நான் கேமராவுக்கு வெளியே, அதே அறையில் இருந்தேன்.

"என்னட்டி, வக்கீலுக்குப் படிக்கப் போறியாமே. மாமனைக் கோர்ட்டுக்கு இழுக்கவா?"

"ஆமா மாமா. மொத கேஸே உங்க மேலதான்."

"போடு, போடு. எம்புட்டு ஆகும் அந்தப் படிப்புக்கு?"

அவள் சொன்னாள். அவர் மனதுக்குள் ரூபாய்க் கணக்குக்கு மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு சர்வ சாதாரணமாகச் சொன்னார்: "சரி. அதை மாமன் பாத்துக்கிடுறேன். நீ பெரிய காலேஜுக்கே போ. உங்க அப்பாட்ட ஒண்ணும் கேக்காத. அவிய ரோட்டுக்கும் பாலத்துக்கும் ஒழைச்சது போதும்."

கோதைக்கு முகம் மலர்ந்துவிட்டது. வட்டி கேட்காத கடன் கிடைத்தால் பெரிய கல்லூரியிலும் படிக்கலாம், படித்த பிறகு தன் விருப்பப்படி ஏழைகளுக்கும் வாதாடலாம். அவளுடைய எல்லாச் சிக்கலும் அந்த ஒரு சொல்லில் தீர்ந்துபோனதாக நினைத்தாள்.

எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. கடல் கடந்து வந்தவன் ஊருக்குப் பணம் அனுப்புவான். ஊரிலிருந்து அவனுக்குப் பணம் வருவதில்லை. இதைத் தவிர இன்னொரு கலக்கமும் இருந்தது. மைத்துனருக்கு ஒரு மகன். கோதைக்கு அவன் முறைப்பையன். நம் பக்கத்தில் மாமன் பெரிய தொகையைக் கையில் வைக்கிறார் என்றால் பிறகு என்ன கேட்பார் என்பதை யாரும் விளக்கவேண்டியதில்லை. செண்பகத்திடம் இதைச் சொன்னேன். "அண்ணன் மனசுல அப்படி ஒண்ணும் இருக்காதுங்க" என்றாள். இந்தக் கலக்கத்தை மகளிடம் நான் சொல்லவில்லை. நம் மனிதர்கள் பெண்பிள்ளைகளை வைத்துக் கணக்குப் பார்ப்பவர்கள் என்று இங்கே பிறந்த பிள்ளை எண்ணிவிடக் கூடாது. அவளிடம் என் ஊரைப் பற்றி நல்லதையே சொல்லி வளர்த்திருக்கிறேன்.

4

பத்திரம் எழுதலாம் என்பது கோதையின் எண்ணம். ஒருவரிடம் இவ்வளவு பெரிய தொகையை வாய்ப்பேச்சில் வாங்குவது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்று கருதினாள். மாமாவின் பணத்துக்குப் பாதுகாப்பு வேண்டும், அவருக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் வேண்டும் என்றாள். சட்டம் படிக்கப் போகிற பிள்ளை எழுதிய முதல் பத்திரம் அது. மிகக் கவனமாக எழுதியிருந்தாள். மாமாவுக்கு ஆங்கிலம் சரளமில்லை என்பதால் தமிழில் பெயர்த்துத் தரும்படி என்னைக் கேட்டாள். நான் இரண்டு மாலைகள் உட்கார்ந்து பெயர்த்தேன். கடன் கொடுப்பவர், கடன் பெறுபவர், தவணை, தவறினால் ஏற்படும் பொறுப்பு, கடன் கொடுப்பவர் இறக்க நேரிட்டால் தொகை சேரவேண்டிய வாரிசுகள் என்று எல்லாப் பிரிவுகளும் முறையாக அமைந்திருந்தன. பெயர்த்து முடித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு தாள் நடுவில் இருந்தால் பிறகு யாரும் எதையும் கேட்க முடியாது.

அதைக் கூரியரில் அனுப்பினோம்.

அடுத்த ஞாயிறு இராஜபாளையத்திலிருந்து அழைப்பு வரவில்லை. செண்பகம் கைப்பேசியை அடுப்பு மேடையிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்தாள். மூன்றாவது ஞாயிறு அவளே அழைத்தாள். அண்ணன் எடுத்தார், காணொளியை அணைத்துவிட்டுப் பேசினார். அவள் ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"தாள் வந்துச்சு செண்பகம். என் மகனை வாசிக்கச் சொன்னேன். கூடத்துல தறிக்காரக எல்லாரும் இருந்தாக. எனக்குப் பேரு கடன் கொடுப்பவராம்ல."

"அண்ணே, சின்னப் பிள்ளை…"

"நான் செத்தா யார்ட்டக் குடுக்கணும்னும் எழுதிருக்கு. உசுரோட உக்காந்து கேட்டேன். தமிழ் நல்லாத்தான் இருக்கு. மாப்ள எழுதுனதுதான?"

செண்பகம் என்னைப் பார்த்தாள். நான் ஆம் என்று தலையசைத்தேன். அதை மறைக்கும் வழக்கம் எனக்கில்லை. அவர் அதற்குமேல் கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. தறியில் நூல் அறுந்துவிட்டது, பொறவு பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். பொறவு பேசவில்லை. பணத்தைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுதான் கையேந்துவது.

கல்லூரிகளுக்கு முன்பணம் கட்டும் கடைசி நாள் வந்தது. கோதை எங்கள் மாநிலக் கல்லூரிக்குக் கட்டினாள். பெரிய கல்லூரிக்கு நன்றி தெரிவித்து விலகும் செய்தியை என் எதிரிலேயே அனுப்பினாள். மாமா ஏன் பேசுவதில்லை என்று கேட்டாள். வேலை மிகுதி என்றேன். "பத்திரத்துல ஏதாவது தப்பா அப்பா?" என்றாள். தப்பே இல்லை என்றேன். இன்றும் அதையே சொல்வேன். பத்திரம் என்ற அளவில் அதில் ஒரு பிழையும் கிடையாது.

5

முதலாண்டு எங்களுக்கு எவ்வாறு கழிந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவள் வாரந்தோறும் வீட்டுக்கு வருவாள். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. வந்தாலும் தன் அறையில் புத்தகத்தோடு இருப்பாள். செண்பகம் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள்; சில சமயம் அப்படியே திரும்ப எடுத்துவருவாள்.

அந்தக் கல்லூரியில் ஒவ்வொரு பாடத்திலும் எத்தனை பேருக்கு உயர்ந்த மதிப்பெண் தரலாம் என்பதற்கு முன்கூட்டியே வரம்பு இருந்தது. எல்லோரும் நன்றாக எழுதினாலும் பலர் கீழே நின்றுதான் ஆகவேண்டும். உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தவர்களோ வரம்பு தாங்கும் எண்ணிக்கையைவிட அதிகம். இதைச் சேரும்போது யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஜூன் மாதம் முடிவு வந்தது. கோதை தேறியிருந்தாள், நன்றாகவே தேறியிருந்தாள். மேல்வரிசைக்குச் சற்றே கீழே நின்றாள். கல்லூரி இணையதளத்தில் அவள் பெயருக்கு எதிரே உதவித்தொகை புதுப்பிக்கப்படவில்லை என்று ஒரே வரி.

நான் கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். நீங்கள் யார் என்று கேட்டார்கள். தந்தை என்றேன். மாணவி வயது வந்தவர் என்பதால் அவருடைய விவகாரத்தைத் தந்தையிடம் பேச விதி இடம் தராது என்று அந்தப் பெண் இனிமையாகச் சொன்னாள். என் ஆங்கிலம் தடுமாறிவிட்டது. முப்பதாண்டுகளுக்கும் மேல் அந்த மொழியில் அரசாங்க அறிக்கை எழுதியவன் நான். நான் பேசி முடிக்கும்வரை அவள் பொறுமையாகக் காத்திருந்து விடைகொடுத்தாள்.

பாதிவழியில் படிப்பை விடுவதா, கடன் வாங்கித் தொடர்வதா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. வேறு கல்லூரிக்கு மாறவும் முயன்றாள்; மாறி வருகிறவர்களுக்கு உதவித்தொகை தருவார் இல்லை. பெரிய கல்லூரியில் வாங்கவேண்டியிருந்த கடனை, பெயரில்லாத கல்லூரியில் வாங்கும் நிலைக்கு வந்துசேர்ந்தோம்.

6

அந்த ஆனி மாதத்தில் மைத்துனர் மகனுக்குத் திருமணம். பெண் திருவில்லிபுத்தூர். பெண் வீட்டாரோடு பேச்சு நடந்தது நாங்கள் பத்திரம் அனுப்புவதற்கும் முந்தைய ஆண்டிலேயே என்று அங்கே போனபின் அறிந்தேன். முறைப்பையனைப் பற்றி நான் கொண்டிருந்த ஊகம் அத்துடன் முடிந்தது. செண்பகம் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

திருமண மண்டபத்தில் மைத்துனர் என்னை வாசலுக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். முன்வரிசையில் உட்காரவைத்தார். செய்யவேண்டிய மரியாதை ஒன்றையும் குறைக்கவில்லை. கோதையிடம் மட்டும் பேசவில்லை. அவள் பட்டுப்புடவையில் நின்றுகொண்டு, அவர் கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் ‘மாமா’ என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் இராஜபாளையத்து வீட்டில் மறுவீட்டு விருந்து. பந்தி முடிந்து, வந்தவர்கள் கலைந்து, எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வங்கிக் கடனுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட அன்றே கடைசி நாள். கோதை சாப்பாட்டு மேசையின் ஓரத்தைத் துடைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். மைத்துனர் எதிர் நாற்காலியில் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். என்ன அது என்று பொதுவாகக் கேட்டார். செண்பகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"இங்க பாரு கோதை. உனக்குக் காது குத்தும்போது என் மடியிலதான் நீ உக்காந்திருக்கணும். அங்கன ஏதோ கடையில மிஷினை வச்சு அடிச்சுட்டாகன்னு போட்டோதான் வந்துச்சு. நீ பெரிய பிள்ளையானப்ப பட்டு எடுத்து வச்சேன். சடங்கே சுத்தலைன்னுட்டாக. உங்க அத்தை கட்டிக் கிழிச்சுட்டா அதை. மாமன்னு ஒருத்தன் இருக்கான்னு காட்ட இத்தனை வருசத்துல ஒரு காரியம் வந்துச்சேன்னு இருந்தேன். நான் குடுத்தது சீரு. நீ தவணை போட்டு அனுப்புற."

அவர் என்னைப் பார்க்காமலே பேசினார். சீர் என்றால் என்ன என்று கோதை தன் தாயிடம் கேட்டாள். செண்பகம் சொன்னாள்: தாய்மாமன் செய்வது, திருப்பிக் கொடுக்கக் கூடாதது.

"எனக்கு இது தெரியாது மாமா."

"தெரியாதுதான். ஒன்னையச் சொல்லி என்ன செய்ய?" அவர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. மிச்சப் படிப்புக்கு மாமன் குடுக்கேன். திருப்பித் தாரேன்னு மட்டும் சொல்லாத."

செண்பகத்தின் கை மகளின் தோளில் இருந்தது. அது இறுகுவதை நான் பார்த்தேன். கோதை திரையில் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். அவள் சம்மதித்துவிடுவாள் என்றே நினைத்தேன். சம்மதிக்க வேண்டும் என்று விரும்பினேனா என்பதை இங்கே எழுதவேண்டிய தேவையில்லை.

"அம்புட்டுப் பணத்தைத் திருப்பிக் குடுக்காம வாங்க எனக்கு வராது மாமா" என்றாள். அவள் தாயின் தமிழ்தான் அவள் வாயிலும் வந்தது.

"திருப்பி வாங்க எனக்கு வராதுட்டி."

இருவர் குரலிலும் கோபம் இல்லை. அவர் மடிக்கணினியை வெற்றிலைக் காம்பால் சுட்டிக் காட்டினார்.

"அந்தப் பேங்க்காரன் உனக்கு என்ன முறை வேணும்?"

"ஒரு முறையும் இல்ல மாமா. அதான் லேசா இருக்கு."

அவள் கையெழுத்திட்டாள். அந்தக் கடன்தான் சென்ற செவ்வாய்க்கிழமை அவளை அந்தத் தாழ்வாரத்தில் வீட்டு உரிமையாளர் பக்கத்தில் நிறுத்தியது. படிப்பு முடிந்தபின் அங்கேயே, கடனை அடைக்கப் போதுமான ஊதியத்தில், வேலையும் உறுதி என்று சொல்லியிருக்கிறார்கள். மைத்துனர் எழுந்து, தறிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வாரேன் என்று செருப்பை மாட்டினார். திருமணத்துக்காகத் தறி அன்று ஓடவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கோதை மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். பிணை கொடுப்பவர் கையொப்பமிட வேண்டிய இடம் காலியாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் ஒருமுறை வாசித்தேன். கடன் பெறுபவர் இறக்க நேரிட்டால் என்ற பிரிவு அதிலும் இருந்தது. கையெழுத்திட்டேன்.